தங்குமிட உபகுழுவின் ஏழாம் கேள்வி

"குடிக்கத் தண்ணி தாங்கோ" என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தேன். விமானம் ஏறுமுன் அம்மா மூன்று விடயம் சொல்லி அனுப்பியிருந்தார். பாஸ்போட்டைக் கையிலிருந்து விடாதே. குளிருக்குக் காதை மூடு. போற இடத்திலை ஆரட்டையும் தண்ணி கேக்காதை. முதல் இரண்டுக்கும் நான் காரணம் கேட்கவில்லை. மூன்றாவதுக்குக் கேட்டேன்.

"கேட்டால் தரமாட்டினமோ?"

"தருவினம். எதிலை தருவினம் எண்டதுதான்" என்றார் அம்மா.

சூரிச்சில் எனக்குத் தண்ணீர் கண்ணாடிக் கிளாசில் வந்தது. அதுவும் தட்டத்தில் வைத்து. கிளாசில் கோயில் கோபுரம் வரைந்து, அதன் கீழே 'ஊர் ஒன்று, உறவு ஒன்று' என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. கொண்டுவந்தவர் மகளிர் அணிப் பொறுப்பாளர் பவதாரணி அக்கா. கிழமையில் ஐந்து நாள் முதியோர் இல்லமொன்றில் சுவிஸ் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வாய் துடைத்துவிடுகிற வேலை அவருக்கு. "குடியுங்கோ தங்கச்சி. இஞ்சத்தைத் தண்ணி பைப்பிலை வாறதே மலைத் தண்ணி" என்றார்.

ஒரே மூச்சில் குடித்தேன். எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. உடனே அம்மாவுக்குச் செய்தி போட்டேன்: 'தண்ணி கேட்டனான். தந்தவை.' என் வயதில் அம்மாவுக்குத் தெரியாத ஓர் உலகத்தை நான் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணம்.

அந்த உலகம் லாங்ஸ்ட்ராஸவுக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கருவாட்டு மணம் படியேறி வரும். கதவில் 'சுவிஸ் நொச்சிப்புலம் மக்கள் ஒன்றியம்' என்று பலகை. நொச்சிப்புலம் என்னுடைய ஊர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் எடுத்தவள் நான். புவியியல். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் எப்படிக் கலக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினேன். சூரிச்சில் ஒரு மாநாட்டில் திங்கள் காலை எட்டரைக்கு அதை வாசிக்க அழைத்தார்கள்.

மாநாட்டுக்காரர் எனக்கு ஓர் இளைஞர் விடுதியில் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். ஆறு பேர் படுக்கிற அறை. அதை நான் வேண்டாம் என்று எழுதினேன். ஏனென்றால் அதற்கிடையில் ஒன்றியத்தின் கடிதம் வந்துவிட்டது. 'நொச்சிப்புலத்தின் புதல்வி விடுதியில் தங்குவது ஒன்றியத்துக்கு இழுக்கு. எமது இல்லங்கள் யாவும் தங்கள் இல்லங்களே.' அம்மா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒழுங்கை முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டினார்.

எமது இல்லங்கள் யாவும் என்று எழுதினாலும் ஏதாவது ஓர் இல்லத்தில்தானே படுக்க முடியும். அதைத் தீர்மானிக்கத்தான் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு விருந்தினர் தங்குமிட உபகுழு கூடியிருந்தது. நானும் என் பெட்டியும் விமான நிலையத்திலிருந்து நேரே அங்கேதான் வந்திறங்கினோம்.

உபகுழு நான்கு பேர். தலைவர் சிவநேசன், ஆஸ்பத்திரிச் சமையலறையொன்றில் மேற்பார்வையாளர். செயலாளர் இராஜசிங்கம், பகலில் அலுவலகங்கள் துப்புரவு செய்பவர், சனிக்கிழமைகளில் அலுவலகமாகவே மாறிவிடுபவர். கூட்டக் குறிப்பை அவர் 'புரொட்டகோல்' என்றுதான் சொல்வார். யாராவது தும்மினாலும் எழுதுவார். மூன்றாவது பவதாரணி அக்கா. நான்காவது இளையோர் பிரதிநிதி கோபிஷா. தலைவரின் மகள், இங்கேயே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் நில அளவையும் வரைபடமும் படிக்கிறாள்.

"தொடங்குவம்," என்றார் தலைவர். "ஆர் ஆர் பிள்ளையைக் கேக்கிறியள்?"

எல்லோரும் கேட்டார்கள்.

"என்ரை வீட்டிலை தனி அறை. யன்னலாலை பாத்தா ஏரி தெரியும்" என்றார் இராஜசிங்கம்.

"ஏரியைப் பாத்தா வயிறு நிறையுமோ?" என்றார் பவதாரணி அக்கா. "என்னட்டை வந்தால் காலமை இடியப்பம், சொதி. நானும் அவரும் ரெண்டே பேர். வீடு வெறிச்செண்டு கிடக்கு."

"என்ன கதை கதைக்கிறியள்?" என்றார் தலைவர். "ஊருக்குப் பெருமை தேடித் தந்த பிள்ளை தலைவற்றை வீட்டிலை நிக்காமல் வேறை எங்கை நிக்கிறது? படம் எடுத்து மலரிலை போடவும் வேணும்."

இருபது நிமிடம் இப்படிப் போனது. நான் குனிந்த தலை நிமிராமல் இருந்தேன். வெட்கத்தால் அல்ல. சிரிப்பு வெளியே தெரிந்துவிடும் என்று. கடைசியில் இராஜசிங்கம், ஒழுங்கு முறைப்படி படிவத்தைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்றார்.

படிவத்தை நான் ஒரு மாதத்துக்கு முன்பே நிரப்பி அனுப்பியிருந்தேன். பெயர், படிப்பு, சைவமா அசைவமா, ஒவ்வாமை உண்டா, குறட்டை விடுவீர்களா. ஏழாம் கேள்வி: 'ஊரில் எந்தப் பக்கம்?'

எங்கள் ஊரில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வி திசையைக் கேட்கவில்லை என்று தெரியும். 'கோயிலடி' என்று எழுதினால் ஒரு பதில். 'மதகடி' என்று எழுதினால் இன்னொரு பதில். அதற்குப் பிறகு எட்டாம் கேள்விக்குத் தேவை இருக்காது. எனக்குத் தெரியாமல் இல்லை. பொய் எழுத மனம் வரவில்லை, உண்மை எழுதக் கை வரவில்லை. ஆகவே படித்த படிப்பைப் பயன்படுத்தினேன். எங்கள் வீட்டு வாசற்படியின் அகலாங்கு, நெட்டாங்கு இரண்டையும் ஆறு தசம தானத்துக்குத் திருத்தமாக எழுதி அனுப்பினேன். பொய்யும் இல்லை, பதிலும் இல்லை. பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரியும்.

இராஜசிங்கம் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "ஏழாம் கேள்விக்கு ஏதோ டெலிபோன் நம்பர் எழுதியிருக்கு."

கோபிஷா எட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மலர்ந்தது. "ஐயோ, இது கோர்டினேட்ஸ். சூப்பர். இவ்வளவு எக்ஸாக்டா ஒருத்தரும் எழுதினதே இல்லை. பொறுங்கோ, இப்ப காட்டுறன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மடிக்கணினியைச் சுவருக்குத் திருப்பிவிட்டாள். புரொஜெக்டர் எரிந்தது. சுவரில் பூமி உருண்டு, கடல் வந்து, தீவு வந்து, நொச்சிப்புலம் வானத்திலிருந்து தெரிந்தது.

கொஞ்ச நேரம் யாருக்கும் என் நினைவு இல்லை. "உங்கை பார், தேர்முட்டி." "என்ரை வீட்டு ஓடு மாத்தியிருக்கிறாங்கள், எனக்குச் சொல்லேல்லை." "சித்தப்பா மதிலை றோட்டுக்கு இழுத்துப்போட்டார், பாத்தியளோ." மூன்று பேரும் சுவருக்குக் கிட்டப் போய் விரலால் தொட்டுத் தொட்டு வீடு தேடினார்கள்.

"அது அங்கை இல்லை," என்றாள் கோபிஷா. "இன்னும் போகவேணும்."

சிவப்புப் புள்ளி நகர்ந்தது. கோயிலைத் தாண்டியது. குளத்தைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தில் நிற்கும் என்று பவதாரணி அக்கா நினைத்திருக்க வேண்டும், "பள்ளிக்கூடத்தடியோ?" என்று ஆசையோடு கேட்டார். நிற்கவில்லை. மதகு வந்தது. மதகைத் தாண்டியதும் இராஜசிங்கம் பேனாவை மூடினார். புரொட்டகோல் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து அவர் கூட்டத்தின் நடுவில் பேனா மூடியது அன்றுதான் என்று பிறகு கோபிஷா சொன்னாள்.

பனங்கூடலுக்குப் பின்னால் புள்ளி நின்றது. கோபிஷா இன்னும் பெரிதாக்கினாள். அவளுக்குத் தொழில் பக்தி. எங்கள் வீட்டுக் கூரை சுவரின் பாதியை நிரப்பியது. குசினிப் பக்கம் ஓடு உடைந்த இடத்தில் அம்மா கட்டிய நீலத் தறப்பாள். கொடியில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம் என்று எழுத ஆசை. வந்தது வேறு. செய்மதி படம் எடுக்குமுன் அந்தத் தறப்பாளை எடுத்திருக்கலாமே என்றுதான் நினைத்தேன். அதை நினைத்தபடி என் தாயின் கூரையை, என் தாயைத் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப அந்தப் பக்கம்" என்றார் தலைவர்.

"எந்தப் பக்கம்?" என்றாள் கோபிஷா. "வெஸ்ட் தானே?"

"ஓம். மேற்கு."

"அதை ஏன் இப்பிடிச் சொல்லுறியள்?"

பவதாரணி அக்கா எழுந்து மேசையைத் துப்புரவாக்கத் தொடங்கினார். என்னுடைய கிளாசை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு போய், யன்னலோரம் கறிவேப்பிலைச் சட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். மற்றக் கிளாசுகள் அலுமாரிக்குள் போயின.

இராஜசிங்கம் தொண்டையைச் செருமினார். "ஒரு சின்னச் சிக்கல். எங்கடை கட்டடத்திலை வாஷ்குஷேயிலை துணி தோய்க்கிற முறை எங்களுக்கு வாற வெள்ளிதான் வரும். அதுக்கு முன்னம் ஒரு துணி தோய்க்கேலாது. சுவிஸ் சட்டம்."

"நான் புதன்கிழமை போயிடுவன், அண்ணை. என்ரை உடுப்பு ஒண்டும் தோய்க்க இல்லை."

"அதுதான் சொல்லுறன். நீங்கள் போனாப்பிறகு படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் தோய்க்கவேணுமெல்லோ. வெள்ளி வரைக்கும் அதுகளை எங்கை வைக்கிறது?"

பவதாரணி அக்கா தன் கட்டடக் காவலாளி மிகக் கடுமையான மனிதர் என்றார். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு மேல் நிற்க விடமாட்டாராம்.

"நீங்கள் ரெண்டு பேர்தானே அக்கா. என்னோடை மூண்டு."

"பூனை ஒண்டு நிக்குது" என்றார் அக்கா.

தலைவரின் மனைவி நேற்றிலிருந்து விரதமாம். வீட்டுக்குள் வெளியாட்கள் கூடாதாம்.

"எப்ப முடியும்?"

"நீங்கள் எப்ப போறதெண்டு சொன்னியள்?"

"புதன்."

"புதன்தான் முடியும்."

"அம்மாவோ விரதம்?" என்றாள் கோபிஷா. "மத்தியானம் கொத்துரொட்டி சாப்பிட்டவா. அப்பா, இவ என்ரை அறையிலை நிக்கலாமே. நான் சோபாவிலை படுப்பன்."

"இஞ்சை அப்பா இல்லை. தலைவர்."

"சரி, தலைவர். என்ரை அறையிலை நிக்கலாமே?"

தலைவர் எழுந்து நின்றார். ஆண்டு விழாக்களில் பேசிப் பழகிய மனிதர், உட்கார்ந்தபடி அவருக்கு உண்மை வராது.

"தர்மிகா பிள்ளை, ஒண்டை விளங்கிக்கொள்ளவேணும். எங்கடை ஒன்றியத்திலை சாதி எண்ட ஒண்டே இல்லை. யாப்பிலை மூண்டாம் சரத்து. முப்பது வருசமா ஒருத்தரும் ஒருத்தரிட்டையும் சாதி கேட்டதில்லை. கேக்கக் கூடாது எண்டுதான் 'பக்கம்' எண்டு படிவத்திலை போட்டனாங்கள். எவ்வளவு கவனமா இருக்கிறம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. எனக்கு எல்லாரும் ஒண்டு. ஆஸ்பத்திரியிலை நாப்பது நாட்டுச் சனத்துக்குச் சமைச்சுக் குடுக்கிறன், வித்தியாசம் பாக்கிறேல்லை. ஆனால் வீடு எண்டு ஒண்டு இருக்கு. நாளைக்கு ஊரிலை நாலு பேர் கேப்பினம். எங்களுக்காக இல்லை. உங்களுக்காகத்தான். நீங்கள் எங்கடை வீட்டிலை நிண்டு சங்கடப்படக் கூடாது."

"நான் சங்கடப்பட மாட்டன், அண்ணை."

"படுவியள்," என்றார் தலைவர். "நாங்கள் படுத்துவம் எண்டு சொல்லேல்லை. ஆனா படுவியள்." பிறகு செயலாளரைப் பார்த்தார். "இதை எழுத வேண்டாம்."

"பேனா மூடித்தான் இருக்கு" என்றார் இராஜசிங்கம்.

கோபிஷா ஒருவரின் முகத்திலிருந்து இன்னொருவரின் முகத்துக்குப் பார்த்தாள். "பக்கம் எண்டா புத்தகத்திலை வாற பக்கமோ? இவ எத்தினையாம் பக்கம்? நாங்கள் எத்தினையாம் பக்கம்?"

அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பிரச்சினைக்குத் தீர்வு செயலாளரிடம் இருந்தது. அவர் தன் கோப்பின் கடைசி உறையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்தார். பெயர்ப் பட்டியல். அதில் இருந்தவர்கள் ஒன்றிய உறுப்பினர்கள் இல்லை. ஊரவர்கள்தான். 'மதகுக்கு அங்காலை' என்று தலைப்பு. "அவசரத் தேவைக்கு எண்டு வைச்சிருந்தனான்" என்றார். முதல் பெயர் மூத்ததம்பி. எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மலை ரயிலில் போக வேண்டும்.

"காட்சி அற்புதம்," என்றார் தலைவர். "சனம் காசு குடுத்துப் பாக்கிற காட்சி. எங்களுக்கே கிடைக்கேல்லை."

தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்கள். பின்னால் பாத்திரங்கள் உருளுகிற சத்தத்தோடு மூத்ததம்பி அண்ணையின் குரல் வந்தது.

"ஆர்? சிவநேசன் அண்ணையோ? பதினொரு வருசமா இந்த நாட்டிலை நிக்கிறன், உங்கடை ஒன்றுகூடலுக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. என்ரை நம்பர் எப்பிடி உங்களிட்டை?"

தலைவர் விடயத்தைச் சொன்னார். பக்கம் என்ற சொல்லை அவர் பாவிக்கவே இல்லை. 'உங்கட ஆக்கள்' என்றார்.

"ஆற்றை பிள்ளை?"

"மனோகரியின்ரை" என்றேன் நான்.

"மதகடி மனோகரியோ? அப்ப எங்கடை பிள்ளை." குரல் அப்படியே இளகிவிட்டது. "வரட்டும். ஸ்டாஃப் அறையிலை ரெண்டு பேர் கிடக்கிறம். மற்றவனையும் கூட்டிக்கொண்டு நான் ஸ்டோருக்குள்ளை படுப்பன். பிள்ளைக்கு ரெண்டு கட்டில்."

ஒரு கணம் எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. 'எங்கடை பிள்ளை' என்று அவர் சொன்னதும், நான் ஆறு தசம தானம் போட்டு மறைத்ததை ஒரே சொல்லில் அவிழ்த்துவிட்டார் என்று உள்ளுக்குள் சுருங்கினேன். தன் கட்டிலைத் தருகிற மனிதரிடம். அந்த அறையில் நடந்த எல்லாவற்றிலும் எனக்கு இன்றைக்கும் முகம் காட்ட முடியாத இடம் அதுதான். மற்றதெல்லாம் அவர்கள் செய்தது.

"திங்கள் எட்டரைக்கு எனக்கு மாநாடு, அண்ணை" என்றேன்.

"அப்ப சரிவராது, பிள்ளை. முதல் ரயிலிலை ஏறினாலும் அந்த நேரத்துக்கு வந்து சேர மாட்டாய். உவ்வளவு பேர் உங்கை இருக்கினம்தானே, ஒரு வீட்டிலை நில்." அவர் நிறுத்தினார். சூரிச்சில் யாரும் பேசவில்லை. பாத்திரச் சத்தம் மட்டும். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பிறகு மெல்லக் கேட்டார்:

"தண்ணி கிண்ணி குடிச்சனியோ, பிள்ளை?"

எங்கள் சனம் யாரைக் கண்டாலும் கேட்கிற கேள்விதான். மூன்று பேரும் மேசையைப் பார்த்தார்கள்.

"குடிச்சனான் அண்ணை," என்றேன். "முதல் ஒருக்கால்." பிறகு மேசைக்கு இந்தப் பக்கம் திரும்பி, இரண்டாம் முறையாகக் கேட்டேன். "குடிக்கத் தண்ணி தாங்கோ."

பவதாரணி அக்கா அலுமாரியைத் திறந்தார். கிளாசுகள் வரிசையாக நின்றன. மூடினார். லாச்சியை இழுத்தார், அடுத்த லாச்சியை இழுத்தார், சிங்கிக்குக் கீழே குனிந்து தேடினார். கடைசியில் போன வருடப் பிறந்தநாள் விழா ஒன்றில் மிஞ்சிய காகிதக் கப் அகப்பட்டது. பலூன் படம் போட்டது. அதில் மலைத் தண்ணீரை நிரப்பி, என் கையில் தராமல் மேசையில் வைத்து, இரண்டு அங்குலம் தள்ளிவிட்டார்.

"சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்றார் தலைவர்.

"இல்லை," என்றாள் கோபிஷா. "கிளாஸ்தான் நல்லது. இது எறியவேணும்." சொல்லிக்கொண்டே யன்னலோரம் கவிழ்ந்திருந்த கிளாசைப் பார்த்தாள். பிறகு கப்பைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் திறந்துகொண்டதை நான் கண்டேன். அதையாவது அவள் காணாமல் இருந்திருக்கலாம்.

கைபேசி அதிர்ந்தது. அம்மா. ஒன்றரை மணி நேரத்துக்கு முன் நான் போட்ட செய்திக்குப் பதில்.

'எதிலை தந்தவை?'

'ரெண்டிலையும்' என்று எழுதி அனுப்பினேன். அம்மாவுக்கு விளங்கும். நாளை ஒழுங்கையில் அந்தப் பிளாஸ்டிக் உறைக் கடிதத்தை அம்மா என்ன செய்வார் என்று நினைத்தேன். நான் இங்கே எழுந்தால் அங்கே அவர் தலை குனிய வேண்டும். எழாமல் இருந்தாலும் தலை குனியத்தான் வேண்டும், ஆனால் நான்கு நாள் நீளமாக.

கைபேசியை வைக்கவில்லை. மாநாட்டு அலுவலகத்துப் பெண் எழுதிய கடைசிக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். 'உங்கள் கட்டிலைச் சனி மாலை ஆறு மணி வரை இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டோம். மனம் மாறினால் இணைப்பை அழுத்துங்கள்.' மணி ஐந்து ஐம்பது. அழுத்தினேன். அங்கும் ஒரு படிவம் வந்தது. என்னுடைய பெயர் முன்னரே இருந்தது. கேள்வி ஒன்றே ஒன்று: மேல் கட்டிலா, கீழ் கட்டிலா?

விரல் 'கீழ்' என்பதில்தான் முதலில் போய் விழுந்தது. யாரும் சொல்லாமல், தானாக. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு மாற்றினேன்.

இதற்கிடையில் தலைவர் புதிய யோசனை ஒன்றை முன்மொழிந்திருந்தார். இந்த அலுவலக அறையிலேயே ஒரு மெத்தை போடலாம். ஒருவருடைய வீடும் இல்லை, ஆகவே ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை. அலுமாரியை மட்டும் பூட்டிவிட்டால் போதும். இராஜசிங்கம் பேனாவைத் திறந்து, "ஏகமனதாக எண்டு போடவோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூத்ததம்பி அண்ணை," என்று இன்னும் துண்டிக்காமல் கிடந்த தொலைபேசியிடம் சொன்னேன். "செவ்வாய் பின்னேரம் எனக்கு ஓய்வு. ரயிலேறி வாறன். நிக்க இல்லை, தேத்தண்ணி குடிக்க."

"வா பிள்ளை. ஸ்டேஷனிலை நிப்பன்."

எழுந்தேன். கட்டுரைக்கான வரைபடங்களைச் சுருட்டி வைத்திருந்த குழாயைத் தோளில் மாட்டினேன். யன்னலடிக்குப் போய், கவிழ்த்து வைத்த கிளாசை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன். "இது இனி உங்களுக்கு உதவாதுதானே, அக்கா" என்றேன். பலூன் கப்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"எங்கை போறியள்?" என்றார் தலைவர். "முடிவு எடுக்கேல்லையே இன்னும்."

"எடுத்தாச்சு."

பெட்டியைப் படிவரைக்கும் இழுத்துக்கொண்டு போனேன். கோபிஷா ஓடிவந்து மற்றக் கைபிடியைப் பிடித்தாள். பின்னால் இராஜசிங்கத்தின் குரல் கேட்டது. ஒழுங்கான மனிதர், படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"பிள்ளை, தங்குமிடம் எண்ட இடத்திலை என்னெண்டு எழுதுறது?"

"விடுதி எண்டு எழுதுங்கோ, அண்ணை," என்றேன். "ஏழாம் கேள்விக்கு, மேல் பக்கம்."